எல்லைக்கு வெளியே முக்கொம்பு

முக்கொம்பு அணைமேல் நின்று கிழக்கே பார்த்தால் ஆறு இரண்டாகப் பிரிவதைக் காணலாம். இடப்பக்கம் கொள்ளிடம், வலப்பக்கம் காவிரி, நடுவே திருவரங்கம். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் இங்கே வந்த பிறகுதான் அது பாசனத் தண்ணீரா வெள்ளத் தண்ணீரா என்பது முடிவாகிறது. பாசனத்துக்கானது காவிரி வழியே கல்லணைக்குப் போகும். மிஞ்சியது கொள்ளிடத்தில் இறங்கும். கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது. ஒரு காலத்தில் ஆறே அந்தப் பக்கம் சாய்ந்துவிட, காவிரி மண்மேடிட்டு, தஞ்சை வயல்கள் தண்ணீருக்குத் தவித்தன. அதைச் சரிசெய்யத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் இங்கு மேலணையைக் கட்டத் தொடங்கினார். கடைமடையில், தலைஞாயிறு பக்கத்தில், ஒரு வயல் நனைய வேண்டுமென்றால் அதற்கான முறை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டெல்டாவின் தலைமடை முக்கொம்பு. இதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

சட்டம் அறியவில்லை. காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக அறிவிக்கப்படும் என்று 2020 பிப்ரவரி 9 அன்று சேலம் மாவட்டம் தலைவாசலில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தபோது, திருச்சிராப்பள்ளி, அரியலூர், கரூர் மாவட்டங்களின் பெயர்களும் அதில் இருந்தன. பிப்ரவரி 20 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டத்தில் அந்த மூன்றும் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுமையாகவும், கடலூரிலும் புதுக்கோட்டையிலும் தலா ஐந்து ஒன்றியங்களும் மட்டுமே அட்டவணையில் இடம்பெற்றன. முக்கொம்பு இருக்கும் திருச்சி மாவட்டம் வெளியேற, பதினொரு நாள் இடைவெளியில் ஆற்றின் தலை வெட்டப்பட்டது. 2023-ல் அச்சட்டம் திருத்தப்பட்டு மயிலாடுதுறை மாவட்டம் சேர்க்கப்பட்டபோதும் முக்கொம்பு வெளியிலேயே நின்றது.

இது தவறு. ஒரு கட்சியின் ஆட்சி செய்து, அடுத்த கட்சியின் ஆட்சி திருத்தாமல் விட்ட தவறு. ஆனால் இந்தத் தலையங்கம் எல்லைக்கோடு ஒன்றைப் பற்றியது மட்டுமன்று. அந்தச் சட்டம் தடுக்க வந்தது எண்ணெய், எரிவாயு எடுப்பை. அவை நம் காலடியில் எப்படி உருவாயின, எப்படி வெளியே எடுக்கப்படுகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால்தான், சட்டம் எங்கெல்லாம் ஓட்டை விட்டிருக்கிறது என்பது விளங்கும். நிலத்தடியில் நடப்பதைப் பொறியாளர்களுக்கும் அமைச்சர்களுக்கும் மட்டும் விட்டுவிட்டதால் வந்த வினைகளை டெல்டா போதுமான அளவு அனுபவித்துவிட்டது.

நிலத்துக்கு அடியில் எண்ணெய் ஏரி போலத் தேங்கிக் கிடக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி எங்கும் இல்லை. கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளும் நுண்ணுயிர்களும் செத்து அடித்தளத்தில் படிகின்றன. அங்கே பிராணவாயு குறைவாக இருந்தால் அவை முழுதாக அழுகுவதில்லை. மேலே களிமண் படிகிறது, அதற்கு மேல் மணல், மீண்டும் களிமண். கோடிக்கணக்கான ஆண்டுகளில் இந்தப் படிவங்கள் இறுகிப் பாறையாகின்றன. உள்ளே சிக்கிய உயிர்ப்பொருள் முதலில் கெரோஜென் என்னும் மெழுகு போன்ற பொருளாகிறது. ஆழம் கூடக்கூட வெப்பமும் கூடுகிறது. ஏறத்தாழ 60 முதல் 120 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில், பொதுவாக 2 முதல் 4 கிலோமீட்டர் ஆழத்தில், அது எண்ணெயாகப் பிரிகிறது. அதையும் தாண்டிச் சூடேறினால் எரிவாயுவாகிறது. சூடு போதவில்லையென்றால் எண்ணெய் இல்லை. மிதமிஞ்சினாலும் எண்ணெய் இல்லை. நெல் அவிப்பவர்களுக்கு இந்தப் பதம் புரியும்.

பிறந்த இடத்தில் எண்ணெய் தங்குவதும் இல்லை. தண்ணீரைவிட இலேசானது என்பதால் பாறையின் நுண்துளைகள் வழியே மேல்நோக்கி நகர்கிறது. வழியில் நுண்துளைகள் நிறைந்த மணற்பாறை கிடைத்து, அதன்மேல் துளையில்லாத களிப்பாறை மூடிபோலக் கவிந்திருந்தால் அங்கே சிறைப்படுகிறது. ஈர மணலில் தண்ணீர் இருப்பதுபோலத்தான் பாறையில் எண்ணெய் இருக்கிறது. பெட்ரோலியம் என்ற இலத்தீன் சொல்லுக்குப் பாறை எண்ணெய் என்று பொருள். விளக்குக்கு ஊற்றியதற்கு மண்ணெண்ணெய் என்று பெயரிட்ட நம் முன்னோர் இதற்கு வெகு அருகில் வந்திருக்கிறார்கள்.

காவிரிப் படுகையில் இது நடந்ததற்குக் காரணம், தென்கண்டமான கோண்டுவானா பிளந்தது. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் கீறி, சில பகுதிகள் பள்ளமாக இறங்கின. இடையிடையே சில மேடாக நின்றன. கடல் உள்ளே புகுந்தது. பள்ளங்களில் 5 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கனத்துக்குப் படிவுகள் சேர்ந்தன. கும்பகோணம்–சீர்காழி மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு என்று நிலவியலாளர்கள் பெயரிட்டிருப்பவை இன்று வயலுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன. நாற்று நடுபவருக்கு அவை கண்ணில் படுவதில்லை. அந்த மேடுகளையும் பள்ளங்களையும் ஒட்டித்தான் நரிமணம், கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், குத்தாலம் என்று எண்ணெயும் வாயுவும் கிடைத்த ஊர்கள் அமைந்திருக்கின்றன.

இந்தக் கதையில் திருச்சிக்கும் பங்கு உண்டு. மலைக்கோட்டை நிற்பது உயிரினங்கள் பெருகுவதற்கு முந்தைய பழம்பாறையில். அதற்கடியில் எவ்வளவு தோண்டினாலும் எண்ணெய் வராது. ஆனால் அங்கிருந்து வடகிழக்கே லால்குடியைத் தாண்டிக் கல்லக்குடி போய்விட்டால் நிலம் மாறிவிடுகிறது. டால்மியாபுரத்தில் சிமென்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல் கிரீத்தேசியக் காலக் கடலின் படிவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆராய்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பாறைத் தொகுதிகளுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று பெயரிட்டார். உலக நிலவியல் நூல்களில் அப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன. கிழக்கே ஆழத்தில் எண்ணெயைச் சுமக்கும் அதே படுகையின் மேற்கு விளிம்பு, திருச்சி மாவட்டத்தில் வெயில் படக் கிடக்கிறது. டெல்டாவோடு சம்பந்தமில்லாத மாவட்டம் என்று இதை ஒதுக்க நிலவியலும் இடம் தராது, நீரியலும் இடம் தராது.

இனி, அது வெளியே வரும் விதம். காவிரிப் படுகையில் எண்ணெய்த் தேடல் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கியது. 1980-களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993-ல் நாகப்பட்டினம் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. தேடல் என்றால் முதலில் வயலில் சிறு துளைகள் போட்டு வெடிவைப்பார்கள். அந்த அதிர்வு பாறை அடுக்குகளில் பட்டு எதிரொலித்து வருவதைக் கருவிகள் பதிவு செய்யும். அதிலிருந்து நிலத்தடியின் வரைபடம் கிடைக்கும். இடம் பிடிபட்டால் துளையிடும் ரிக் வரும். சுழலும் துளைமுனை பாறையை அரைத்துக்கொண்டு இறங்கும். பென்டோனைட் களிமண்ணும் பேரைட்டும் கலந்த சேற்றுக் கரைசல் குழாய் வழியே உள்ளே போய், அரைபட்ட பாறைத் தூளைச் சுமந்துகொண்டு மேலே வரும். துளைமுனையைக் குளிர்விப்பதும், கீழிருந்து எண்ணெயும் வாயுவும் பீறிட்டுவிடாமல் தன் எடையால் அழுத்திப் பிடிப்பதும் அந்தச் சேறுதான்.

இதில் டெல்டா மக்கள் கவனிக்க வேண்டிய கட்டம் அடுத்தது. துளை முதலில் ஊடுருவுவது குடிநீரும் பாசன நீரும் இருக்கும் அடுக்குகளை. அவற்றைக் காக்க எஃகுக் குழாய் இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமென்டுக் கலவை ஏற்றுகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று குழாய்கள். கிணறு உற்பத்தி செய்யும் இருபது முப்பது ஆண்டுகளுக்கும், அது கைவிடப்பட்டு மூடப்பட்ட பிறகு வரும் எல்லாக் காலத்துக்கும், மேலே உள்ள நன்னீரையும் கீழே உள்ள எண்ணெயையும் உப்புநீரையும் பிரித்து வைப்பது அந்த எஃகும் சிமென்டும்தான். எஃகு துருப்பிடிக்கும். சிமென்டு விரிசல் விடும். ஒழுங்காகச் செய்து, ஒழுங்காகச் சோதித்து, ஒழுங்காக அடைத்தால் ஆபத்து குறைவு என்பது உண்மை. அந்த மூன்று ஒழுங்குகளையும் யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள், என்ன கண்டார்கள் என்பதை அந்த ஊர்க்காரருக்குச் சொல்லும் ஏற்பாடு இல்லை என்பதும் உண்மை.

எண்ணெய் தனியாக வருவதில்லை. வாயுவும் உப்புநீரும் சேர்ந்தே வரும். கிணறு கிழடாக ஆக ஆக எண்ணெய் குறைந்து உப்புநீர் கூடும். சேகரிப்பு நிலையத்தில் மூன்றையும் பிரித்து, எண்ணெயைச் சுத்திகரிப்புக்கும் வாயுவை மின்நிலையங்களுக்கும் அனுப்பி, உப்புநீரைச் சுத்தம் செய்து மீண்டும் ஆழத்தில் செலுத்த வேண்டும். இவ்வளவும் நடப்பது பாலைவனத்தில் இல்லை. குறுவையும் சம்பாவும் தாளடியும் மாறி மாறி விளையும் வயலுக்கு நடுவில், வாய்க்காலுக்குக் குறுக்கே, வீட்டு வாசலுக்கு அருகே புதைத்த குழாய்களில் நடக்கிறது.

அப்படிப் புதைத்த குழாய் ஒன்று 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் உடைத்துக்கொண்டது. கச்சா எண்ணெய் வயலில் பரவியது. மாவட்ட ஆட்சியர் நேரில் வர வேண்டும் என்று மக்கள் திரண்டார்கள். கிடைத்தது தடியடியும் கைதும் சிறையும். குழாய் உடைவது விபத்தாக இருக்கலாம்; அதைக் கேள்வி கேட்டவர்களை அடித்தது விபத்து இல்லை, அரசின் முடிவு. அந்தத் தடியடியை அன்று கண்டித்தவர்கள் இன்று ஆட்சியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கதிராமங்கலத்துக்கு ஓர் அரசு என்ற முறையில் சொல்ல வேண்டிய வருத்தம் இன்னும் பாக்கி இருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

விபத்து பெரிதானால் எப்படி இருக்கும் என்பதற்கு இன்னொரு டெல்டாவைப் பார்க்க வேண்டும். மேலணையைக் கட்டிய அதே காட்டன்தான் பின்னர் தவளேஸ்வரத்தில் கோதாவரிக்கு அணை கட்டினார். அந்த நீரால் செழித்த கோனசீமாவில், பாசர்லபூடி என்னும் ஊரில், 1995 ஜனவரி 8 அன்று ஓ.என்.ஜி.சி. கிணறு ஒன்று கட்டுமீறி வெடித்தது. தென்னந்தோப்புகளுக்கு நடுவே அந்தத் தீ 65 நாள் எரிந்தது. 2014 ஜூன் 27 அன்று அதே வட்டாரத்தில் நகரம் என்னும் ஊரில் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் விடியற்காலையில் வெடித்து 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அசாமில் பாக்ஜானில் 2020 மே 27 அன்று ஆயில் இந்தியா நிறுவனத்தின் கிணறு பீறிட்டு, ஜூன் 9 அன்று தீப்பற்றி, நவம்பர் வரை எரிந்தது. தீயணைக்கப் போன இரண்டு ஊழியர்கள் மாண்டார்கள். பக்கத்துச் சதுப்பு ஏரியின் மீனும் பறவையும் அழிந்தன. இந்த மூன்றும் அரசுத் துறை நிறுவனங்கள், அனுபவம் உள்ளவை, திறமையான பொறியாளர்களைக் கொண்டவை. அவர்களுடைய நாணயத்தை நாம் ஐயுறவில்லை. நெருக்கமாக மக்கள் வாழும், ஒரு சாண் நிலமும் தரிசாகக் கிடக்காத டெல்டாவில் நூற்றில் ஒரு தவறுக்குக்கூட இடமில்லை என்பதே நாம் சொல்வது.

டெல்டா இதைத் தானாகவே உணர்ந்தது. மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துக்கு அனுமதி அளிக்கப்பட்டு, 2011 ஜனவரியில் அன்றைய தி.மு.க. அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. மீத்தேன் வர வேண்டுமானால் நிலக்கரி அடுக்கில் உள்ள நீரை முதலில் இறைத்து வெளியேற்ற வேண்டும். நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டினால் பக்கத்தில் இருக்கும் கடல் உள்ளே வரும் என்பதைப் புரிந்துகொள்ள விவசாயிக்குப் பட்டம் தேவைப்படவில்லை. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதைச் சொன்னார். 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் அந்தப் பிரசாரத்தின் நடுவிலேயே அவர் உயிர் பிரிந்தது. 2015-ல் அ.தி.மு.க. அரசு அத்திட்டத்தைத் தடைசெய்தது. 2017 பிப்ரவரி 15 அன்று மத்திய அமைச்சரவை நெடுவாசல் உள்ளிட்ட சிறு எண்ணெய் வயல்களுக்கு ஒப்புதல் அளித்தது. மறுநாளே நெடுவாசல் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். 2020-ல் சட்டம் வந்ததென்றால் அது இவர்களால் வந்தது. எந்த முதலமைச்சரும் தானாக முன்வந்து கொடுத்த கொடையாக அதைக் கொள்வதற்கில்லை.

அப்படிப் பெற்ற சட்டம் என்ன சொல்கிறது? எண்ணெய், இயற்கை எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றுக்கான ஆய்வும் துளையிடலும் எடுப்பும் மண்டலத்துக்குள் புதிதாகத் தொடங்கக் கூடாது. உருக்காலைகள், தோல் தொழிற்சாலை, கப்பல் உடைக்கும் தொழில் ஆகியவையும் கூடாது. முதலமைச்சர் தலைமையில் ஓர் ஆணையம் உண்டு. இவை நல்லவை, வரவேற்றோம், இன்றும் வரவேற்கிறோம். ஆனால் சட்டம் வருமுன்னரே நடந்துகொண்டிருந்த பணிகளுக்கு விலக்கு. குழாய்ப் பாதைகள் போன்ற கட்டமைப்புகளுக்கு விலக்கு. கதிராமங்கலத்தில் உடைந்தது பழைய குழாய். சட்டம் அன்றே இருந்திருந்தாலும் அந்தக் குழாயை அது தொட்டிருக்காது. வரப்போகும் ஆபத்தை மறித்துவிட்டு, வந்துவிட்ட ஆபத்தைப் பாராமல் இருக்கும் காவல் எப்படிப் பாதியைத் தாண்டும்?

இன்னொன்று. சட்டம் நிறைவேறி ஓராண்டு நிறையுமுன்பே, 2021 பிப்ரவரி 17 அன்று, மண்டலத்துக்குள் இருக்கும் நாகப்பட்டினத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறன் கொண்ட புதிய சுத்திகரிப்பு ஆலைக்குப் பிரதமர் நரேந்திர மோடி அடிக்கல் நாட்டினார். காவிரிப் படுகை முழுவதும் தரும் எண்ணெய் அந்த ஆலையின் ஒரு மூலைக்கும் காணாது. கச்சா எண்ணெய் கப்பலில்தான் வர வேண்டும். சட்டத்தின் தடைப் பட்டியலில் சுத்திகரிப்பு ஆலை இல்லை என்று வாதிடலாம். வேளாண் மண்டலம் என்று பெயர் சூட்டிய நிலத்துக்கு அந்த வாதம் நியாயம் செய்யுமா என்பதை இரு அரசுகளும் மக்களிடம் விளக்கியிருக்க வேண்டும்.

மத்திய அரசின் பொறுப்பு இதைவிடப் பெரிது. 2020 ஜனவரியில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பும் விரிவான மதிப்பீட்டு அறிக்கையும் தேவையில்லை என்றாக்கியது. ஆய்வுக் கிணறுதானே என்று சொல்லப்படுகிறது. ஆய்வுக் கிணறும் அதே ஆழத்துக்கு, அதே நன்னீர் அடுக்கைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது. பாசர்லபூடி மக்களுக்கு எரிந்தது ஆய்வுக் கிணறா உற்பத்திக் கிணறா என்ற வேறுபாடு 65 நாளும் பயன்பட்டிருக்காது. வாழும் மக்களைக் கேட்காமல் அவர்கள் காலடியைத் துளைக்கலாம் என்று ஒரு குடியரசு விதி எழுதுவது அநீதி. அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட வேண்டும்.

மாநில அரசு இந்த இடத்தில் கைகட்டி நிற்க முடியாது. எண்ணெய் வளம் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் இருக்கிறது என்பது சரி. ஆனால் நிலப்பரப்பில் உள்ள எண்ணெய் வயல்களுக்குக் குத்தகை உரிமம் வழங்குவது மாநில அரசு. அதற்கான உரிமைத் தொகை வந்து சேர்வதும் மாநிலக் கருவூலத்துக்கு. மேடையில் டெல்டாவின் காவலர்; கணக்கில் கிணற்றின் பங்குதாரர். இந்த இரண்டு நிலைகளையும் ஒரே அரசு நெடுநாள் வகிக்க முடியாது. 2025-ல் ராமநாதபுரத்தில் 20 ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தந்தது மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையமே. எதிர்ப்பு எழுந்த பிறகு அதைத் திரும்பப் பெறுமாறு அரசு அறிவுறுத்தியது. தன் வீட்டு வாசலிலேயே கொடுக்கப்பட்ட அனுமதியை நாளிதழ் பார்த்துத் தெரிந்துகொண்டதுபோல் ஓர் அரசு நடந்துகொள்வது குடிமக்களுக்கு நம்பிக்கை தராது.

மறைப்பு இதைவிடக் கெடுதல். டெல்டாவில் ஹைட்ரோகார்பன் (எண்ணெய், எரிவாயு) பணிகளின் விளைவுகளை ஆராயப் பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் தலைமையில் 2021-ல் தமிழக அரசு ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. நல்ல முடிவு, தகுதியான தலைமை. அறிக்கை 2022-ல் அரசின் கைக்கு வந்தது. வந்த வாரமே அது மக்கள் முன் வைக்கப்பட்டிருக்க வேண்டும், வைக்கப்படவில்லை. மக்கள் வரிப்பணத்தில், மக்களுடைய நீரையும் மண்ணையும் சோதித்து எழுதிய ஓர் அறிக்கையை அலமாரியில் பூட்டி வைக்க எந்த அரசுக்கும் தார்மிக உரிமை கிடையாது. அதில் ஆபத்து என்று இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் அங்கே வாழ்பவர்கள். ஆபத்தில்லை என்று இருந்தாலும் பயம் நீங்க வேண்டியவர்கள் அவர்களே.

எதிர்வாதத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. அந்த எண்ணெயில் ஓடும் பேருந்தில்தான் டெல்டா விவசாயியும் போகிறார். அவருடைய டிராக்டரும் அறுவடை இயந்திரமும் டீசலில்தான் ஓடுகின்றன. இந்த நாளிதழைச் சுமந்து விடியுமுன் ஊர் ஊராகப் போகும் வண்டியும் அப்படித்தான். நாம் எரிப்பதை யாரோ ஒருவர் நிலத்திலிருந்து எடுக்கிறார்கள். இதை மறந்துவிட்டு எண்ணெய் எடுப்பதே பாவம் என்று பேச நமக்கு உரிமை இல்லை. ஆனால் நாட்டின் எண்ணெய் உற்பத்தியில் தமிழகத்தின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. அந்த வயல்களும் முதுமை அடைந்துவிட்டவை. கிணறு இருபது முப்பது ஆண்டில் வற்றும். காவிரிப் பாசனம் கல்லணை காலத்திலிருந்து தொடர்கிறது. இரண்டில் ஒன்றுக்கு இடம்விட வேண்டும் என்றால் எது விட வேண்டும் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. பத்துக் கோடி ஆண்டுகளில் உருவானதை இரண்டு தலைமுறை எரித்துத் தீர்க்க, மூன்றாம் தலைமுறைக்கு உப்பு நிலத்தை விட்டுப்போவது எந்தக் கணக்கிலும் லாபமாகாது.

திருச்சி மாவட்டத்தைச் சேர்க்காததற்கு, அங்கே ஏற்கெனவே பெருந்தொழில்கள் உள்ளன என்பது காரணமாகுமா? ஆகாது. கடலூரிலும் தொழிற்பேட்டை உண்டு. அதனால்தான் அந்த மாவட்டத்தை ஒன்றியம் ஒன்றியமாகப் பார்த்து, காவிரி பாயும் ஐந்தை மட்டும் சட்டம் எடுத்துக்கொண்டது. திருச்சியிலும் அப்படியே அந்தநல்லூர், லால்குடி, புள்ளம்பாடி ஒன்றியங்களை எடுத்திருக்கலாம். பெருவளை வாய்க்காலும் புள்ளம்பாடி வாய்க்காலும் பாயும் வயல் டெல்டா இல்லையென்றால் வேறு எது டெல்டா? மலைக்கோட்டைக்கு அடியில் எண்ணெய் இல்லை என்று முன்பே சொன்னோம்; முக்கொம்புக்கு அடியிலும் அப்படித்தான். அதற்காக அதைச் சட்டத்துக்கு வெளியே விட முடியாது. தடைப் பட்டியலில் உருக்காலைகளும் தோல் தொழிற்சாலையும் இருக்கின்றன. கடைமடையில் அவற்றைத் தடுத்துவிட்டுத் தலைமடையில் கதவைத் திறந்து வைத்தால், அங்கே ஆற்றில் கலப்பது திருவரங்கத்தில் அம்மா மண்டபத்தில் குளிப்பவர்களையும் தொட்டு, கல்லணை தாண்டி, பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு வயலுக்கும் போய்ச் சேரும்.

முக்கொம்பு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 2018 ஆகஸ்ட் 22 இரவு, கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற மேலணையின் 45 மதகுகளில் ஒன்பது இடிந்து வெள்ளத்தில் போயின. ஏறத்தாழ 180 ஆண்டுகள் நின்ற கட்டடம் அது. அந்த இரவில் வந்த வெள்ளத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாது. அதைவிடப் பெரிய வெள்ளங்களை அது கண்டிருக்கிறது. கொள்ளிடத்தில் ஆண்டுக்கணக்கில் மணல் வாரி, படுகை இறங்கிப்போனதை விவசாயிகள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. கண்ணெதிரே, பட்டப்பகலில், லாரி லாரியாகப் போன மணலையே கவனிக்காத நிர்வாகம், 3 கிலோமீட்டர் ஆழத்தில் துருப்பிடிக்கும் குழாயைத் தானாகக் கவனித்துக்கொள்ளும் என்று நம்பச் சொன்னால் நம்மால் முடியவில்லை.

ஆகவே செய்ய வேண்டியதைத் தெளிவாகவே சொல்கிறோம். டெல்டாவில் இதுவரை தோண்டிய ஒவ்வொரு கிணறும், அது இயங்குகிறதா கைவிடப்பட்டதா, எந்த ஆண்டில் எப்படி அடைக்கப்பட்டது, அருகே ஓடும் குழாயின் வயது என்ன, கடைசியாகச் சோதித்தது எப்போது என்பவை தமிழில், ஊராட்சி அலுவலகத்தில், யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். கிணறுகளைச் சுற்றியுள்ள நீரை நிறுவனமும் அரசும் சாராத ஓர் அமைப்பு ஆண்டுக்கு இருமுறை சோதித்து முடிவை அங்கேயே ஒட்ட வேண்டும். வயது முடிந்த குழாய்கள் அகற்றப்பட வேண்டும். அகற்றும் செலவும் கெட்டுப்போன நிலத்தைச் சீராக்கும் செலவும் எடுத்தவருடையது. பழைய பணிகளுக்குச் சட்டம் தந்த விலக்குக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். தேதி இல்லாத விலக்கு, சட்டத்தைவிட நீண்ட ஆயுள் உடையதாகிவிடும்.

மயிலாடுதுறையைச் சேர்க்க 2023-ல் ஒரு சிறு திருத்தம் போதுமானதாக இருந்தது. அந்தநல்லூரையும் லால்குடியையும் புள்ளம்பாடியையும், அவற்றோடு அரியலூர், கரூர் மாவட்டங்களில் காவிரியும் கொள்ளிடமும் பாயும் ஒன்றியங்களையும் சேர்க்க அதைப் போன்ற இன்னொரு திருத்தம் போதும். சட்டமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே அது வர வேண்டும். சுல்தான் இஸ்மாயில் குழுவின் முழு அறிக்கையும், அதன்மேல் அரசு எடுத்த நடவடிக்கையும் அதே நாளில் அவை மேசையில் இருக்க வேண்டும்.